சுரங்க ரயில் நிலையங்களின் டைல்ஸ் சுவர்கள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மெட்ரோ ரயில் இல்லை. ஆனாலும் சுரங்க நிலையத்துச் சுவர்களைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு இங்கே குறைவில்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய் விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கி அப்படியே கீழே மெட்ரோவுக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள். லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் செல்போனில் படத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்காக வருகிறார்கள். நான் இந்த ஊரில் டைல்ஸ் பதிக்கும் வேலையை எடுத்துச் செய்கிறேன். பல நாட்டுச் சுரங்க நிலையங்களின் சுவர்களைப் பற்றித் தேடிப் படிப்பது வெகுநாள் பழக்கம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பூமிக்கு அடியில் போய் எதற்கு டைல்ஸ்? பெயிண்ட் அடித்தால் போதாதா?

போதாது. உலகின் முதல் சுரங்க ரயில் லண்டனில் 1863 ஜனவரியில் ஓடியது. அது நீராவி இன்ஜின். புகையும் கரியும் படிந்த சுவரில் எந்த அலங்காரமும் நிற்காது. மின்சார ரயில் வந்த பிறகுதான் சுரங்கச் சுவரை அழகாக வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையே வந்தது.

பாரிஸ் மெட்ரோ 1900 ஜூலையில் திறந்தது. அந்தக் காலத்து மின்விளக்கு மங்கல். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சுவரே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக வெள்ளை டைலைத் தேர்ந்தெடுத்தார்கள். 15 சென்டிமீட்டர் நீளம், 7.5 சென்டிமீட்டர் உயரம், பளபளப்பான மெருகு, நாலு ஓரமும் சரித்துச் செதுக்கினது போல இருக்கும். அந்தச் சரிவில்தான் விஷயம். தட்டையான டைல் என்றால் விளக்கின் பிம்பம் ஒரே இடத்தில் பளிச்சென்று அடிக்கும். ஓரம் சரிந்திருந்தால் ஒவ்வொரு டைலும் வெளிச்சத்தைப் பல பக்கம் சிதறடிக்கும். சுவர் மட்டுமல்ல, தலைக்கு மேலே வளையும் கூரை முழுக்க அந்த டைல்தான். இன்றைக்கும் பாரிஸில் புதுப்பிக்கும் நிலையங்களில் அதே அளவில், அதே சரிவோடு புது டைல் வாங்கிப் பதிக்கிறார்கள்.

கழுவலாம், நெருப்புப் பிடிக்காது, ஈரத்தில் உரியாது என்பதெல்லாம் கூடுதல் நன்மை. நெருப்பைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் வேறு வேறு நிறம், வேறு வேறு டிசைன். வெறும் அழகுக்கா?

இல்லை. இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்தது. சுரங்கத்துக்குள் ஜன்னல் வழியே கோயில் கோபுரமோ தியேட்டரோ தெரியாது. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் சுவரை விட்டால் வேறு வழியில்லை. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் எழுதி வைத்திருப்பது போலத்தான். எங்கே இருக்கிறோம் என்பதைப் பாதையே சொல்ல வேண்டும்.

லண்டனில் 1906, 1907-ஆம் ஆண்டுகளில் ஒரே மூச்சில் மூன்று புதிய சுரங்கப் பாதைகள் திறந்தன. அவற்றின் நிலையங்களை வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன் என்ற கட்டடக் கலைஞர். சுமார் 50 நிலையங்கள். வெளிமுகப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: காய்ந்த ரத்தம் போன்ற கருஞ்சிவப்பு மெருகு ஏற்றிய சுடுமண் கட்டிகள், லீட்ஸ் நகரத்தில் பர்மன்டாஃப்ட்ஸ் சூளையில் செய்தவை. தெருவில் தூரத்தில் இருந்தே "அதோ ஸ்டேஷன்" என்று தெரியும். கீழே மேடைக்கு இறங்கினால் நேர் எதிர். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நிறச் சேர்க்கை, தனி வடிவம். நிலையத்தின் பெயரையும் டைலிலேயே எழுதிச் சுட்டு, சுவரில் பெரிய எழுத்தில் பதித்தார்கள். தினமும் போகிறவர் பெயரைப் படிக்கக்கூட வேண்டாம். பச்சை வரி ஓடினால் இன்ன இடம் என்று பழகிவிடும். அந்த மனுஷன் 33 வயதில், 1908-இல் இறந்துவிட்டார். அவர் போட்ட சுவர்களில் பல இன்றும் இருக்கின்றன.

டைலில் எழுதிய பெயருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆர்சனல் என்ற நிலையத்துக்கு முதலில் கில்லஸ்பி ரோடு என்று பெயர். 1932-இல் கால்பந்துக் குழுவின் பெயரை வைத்தார்கள். மேடைச் சுவரில் இன்னும் பழைய பெயர்தான் டைலில் நிற்கிறது. அதை உடைக்காமல் விட்டவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

நியூயார்க்கிலும் இப்படித்தானா?

அங்கே இரண்டு விதமாகச் செய்தார்கள். 1904 அக்டோபரில் திறந்த முதல் பாதையில், எழுத்துப் படிக்காமலே இடம் புரிகிற மாதிரி சுடுமண் பலகைகள் வைத்தார்கள். ஆஸ்டர் பிளேஸ் நிலையத்தில் பீவர் என்ற கொறிக்கும் விலங்கு ஒன்று மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆஸ்டர் என்பவர் பீவர் தோல் வியாபாரத்தில் பெரும் பணக்காரர் ஆனவர், அதனால் அந்த மிருகம். கொலம்பஸ் சர்க்கிளில் பாய்மரக் கப்பல்.

இரண்டாவது விதம் 1930-களில் வந்தது. ஸ்கொயர் விக்கர்ஸ் என்ற கலைஞர் நிறத்தையே முறையாக அடுக்கினார். விரைவு ரயில் நிற்கும் பெரிய நிலையம் வந்தால் டைல் பட்டையின் நிறம் மாறும்: ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக. அடுத்த பெரிய நிலையம் வரும் வரை நடுவில் இருக்கும் சின்ன நிலையங்கள் எல்லாம் அதே நிறக் குடும்பம். முறை தெரிந்தவர் தூங்கி எழுந்தாலும் நிறத்தைப் பார்த்து எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். ஆடம்பரம் எதுவும் கிடையாது. சுவர் முழுக்க வெள்ளை, நடுவில் ஒரே ஒரு நிறப்பட்டை.

புதுப்பித்தலுக்கு எனக்குப் பிடித்த உதாரணமும் ஆஸ்டர் பிளேஸ்தான். 1986-இல் அந்த நிலையத்தைச் சீர் செய்தபோது மில்டன் கிளேசர் என்ற வடிவமைப்பாளர் பழைய டைல் வடிவத்தின் துண்டுகளையே பெரிதாக்கி, இடம் மாற்றி, புதிய எனாமல் பலகைகளாகச் சுவரில் வைத்தார். பீவர் அதன் இடத்திலேயே இருக்கிறது. புதுசு பழசிலிருந்தே எடுத்த நூல் போல ஓடுகிறது.

லண்டனில் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் படம் இருக்கிறதே, அது என்ன?

அது விக்டோரியா லைன். 1968 முதல் 1971 வரை பகுதி பகுதியாகத் திறந்தது. செலவைச் சுருக்கச் சொன்னதால் சுவர் எல்லா நிலையத்திலும் ஒரே சாம்பல் நிற டைல்ஸ். பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனால் பெஞ்ச் வைத்த மாடத்தில் மட்டும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் போட இடம் கொடுத்தார்கள். கிடைத்த சின்ன இடத்தில் கலைஞர்கள் பிரமாதமாக விளையாடியிருக்கிறார்கள்.

செவன் சிஸ்டர்ஸ் நிலையத்தில் ஏழு மரம். பிளாக்ஹார்ஸ் ரோட்டில் கறுப்புக் குதிரை. பிரிக்ஸ்டனில் அடுக்கி வைத்த செங்கல். ஊர்ப் பெயரின் முதல் பாதி ஆங்கிலத்தில் செங்கல், பின்பாதி டன். விக்டோரியாவில் எட்வர்ட் பாடன் வரைந்த மகாராணியின் பக்கவாட்டு நிழலுருவம். வாரன் ஸ்ட்ரீட்டில் ஒரு புதிர்ப் பாதை, உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும். அடுத்த ரயில் வருவதற்குள் எளிதில் தீர்த்துவிட முடியாதபடி வேண்டுமென்றே சிக்கலாகப் போட்டார்கள். காத்திருக்கிறவர் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து விரலால் தேடுவார். ஒரு சுவர் இதைவிட என்ன செய்ய வேண்டும்?

நமக்குச் சொந்தமான ஒன்றும் அங்கே கொஞ்ச காலம் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் நிலையத்தில் 1980-களில் முதலில் இருந்த படத்தை எடுத்துவிட்டுப் பாம்பும் ஏணியும் போட்டார்கள். நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடிய ஆடும் பரமபதம்தான் அந்த விளையாட்டுக்கு மூலம். பிறகு வந்த புதுப்பித்தலில் அதை நீக்கி, 1960-களின் பழைய வடிவத்தையே மறுபடி செய்து வைத்தார்கள். பரமபதம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வரிசையாக எல்லா நிலையத்திலும் ஒரே காலத்துப் படங்கள் இருக்கும்போது ஒன்று மட்டும் பிசகி நிற்பதைச் சரி செய்தது நியாயம்.

பாரிஸில் பழைய டைல்ஸ் மேலேயே தகடு அடித்து மூடினார்களாமே, உண்மையா?

உண்மை. 1950-களிலும் 60-களிலும் எழுபதுக்குக் கிட்டத்தட்ட நிலையங்களில் அப்படிச் செய்தார்கள். வெள்ளை டைல் பழைய ஃபேஷன், உடைந்ததை ஒட்டுவதும் தொல்லை, அதனால் சுவருக்கு முன்னால் சட்டம் கட்டி வண்ணம் பூசிய உலோகத் தகடு. விளம்பரம் வைக்கவும் கண்ணாடிப் பெட்டிகள் வைக்கவும் வசதி. பார்த்தவுடன் பளபளவென்று புதுசாகத்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச காலத்திலேயே சிக்கல் தெரிந்தது. சுரங்கச் சுவரில் நீர்க்கசிவு வருவது சகஜம். டைல் கண்முன்னே இருந்தால் ஈரத் திட்டு உடனே தெரியும். தகடு மூடிவிட்டால் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டுமானால் பலகையைக் கழற்ற வேண்டும். பராமரிப்பு சுலபமாகும் என்று போட்டது பராமரிப்பைக் கஷ்டமாக்கியது. பிறகு பாரிஸ் நிர்வாகம் 1999 வாக்கில் பெரிய புதுப்பித்தல் திட்டத்தைத் தொடங்கி, அடுத்து வந்த ஆண்டுகளில் பல நிலையங்களில் தகடுகளைக் கழற்றி வெள்ளை டைலுக்கே திரும்பியது.

நம் ஊரில் இதே வேலை தினமும் நடக்கிறது. ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் பிவிசி பலகை அடித்துவிட்டு "முடிஞ்சுது" என்கிறார்கள். ஓதம் எங்கேயும் போகாது.

பழைய டைல்ஸை அப்படியே பெயர்த்து, கழுவி, திரும்ப ஒட்டிவிட முடியாதாண்ணா?

இந்தக் கேள்வியைக் கேட்காத உதவியாளே கிடையாது. பதில், அந்த டைலைப் பிடித்திருப்பது எது என்பதைப் பொறுத்தது.

சுண்ணாம்புக் கலவையில் பதித்த டைல் என்றால் ஓரளவு நம்பிக்கை உண்டு. சுண்ணாம்பு டைலைவிட மென்மை. மெல்லிய ரம்பத்தால் பின்பக்கம் அறுத்து வந்தால் டைல் விட்டுக்கொடுக்கும். கெட்டி சிமெண்டில் பதித்திருந்தால் கதை வேறு. கலவை டைலைவிட உறுதி. உளியை வைத்துத் தட்டினால் முதலில் உடைவது டைல்தான். அதனால்தான் நல்ல பாரம்பரிய வேலைக்காரர்கள் பெயர்ப்பதைக் கடைசி வழியாக வைக்கிறார்கள். நன்றாக இருப்பதை அதன் இடத்திலேயே விடு, கெட்டதை மட்டும் எடு என்பதுதான் முறை.

கெட்டது எது என்று எப்படித் தெரியும்? கரணையின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பதுதான். எல்லா ஊரிலும் இதே முறை. நடுவில் ஒரு தட்டு, நாலு மூலையிலும் ஒவ்வொரு தட்டு. "கணீர்" என்றால் பிடிப்பு இருக்கிறது. "டொப்" என்றால் பின்னால் காற்று. ஆனால் "டொப்" என்று கேட்ட எல்லாவற்றையும் பிடுங்கக் கூடாது. ஒரு மூலை மட்டும் டொப் என்றால் சின்ன ஓட்டை போட்டுப் பசை செலுத்தி நிறுத்தலாம். பக்கத்து டைலும் அதற்குப் பக்கத்து டைலும் சேர்ந்து டொப் என்றால், அங்கே பூச்சே சுவரை விட்டு விலகிவிட்டது. அதை எடுத்தே ஆக வேண்டும். தட்டிக்கொண்டே சாக்பீஸால் குறி போட்டு, போட்டோ எடுத்து, பிறகுதான் உளியைத் தொட வேண்டும்.

அப்புறம் நேரம். சுரங்க நிலையத்தில் பயணிகள் இருக்கும்போது இதைச் செய்ய முடியாது. கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே இருக்கும் சில மணி நேரத்தில்தான் வேலை. அதிலும் மின்சாரத்தை நிறுத்த, சாமான் இறக்க, திரும்ப ஏற்ற, மேடையைச் சுத்தம் செய்ய என்று போனால் கைவேலைக்கு மிச்சம் மிகக் குறைவு. அதனால்தான் ஒரு சின்ன நிலையத்துச் சுவர் சீரமைக்க மாதக் கணக்கில் ஆகிறது.

உடைந்ததற்குப் பதில் அதே நிறத்தில் புது டைல் வாங்கிப் போட்டால்?

நிறத்தைவிடப் பெரிய சண்டை அளவோடு. லண்டனிலும் நியூயார்க்கிலும் பழைய டைல்கள் அங்குலக் கணக்கு. 6 அங்குலம் என்பது 152.4 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைப்பது 150. ஒரு டைலில் 2.4 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நூல் பிடித்து 100 டைல் வரிசையாகப் போனால் 24 சென்டிமீட்டர் குறையும். ஒரு நிறப்பட்டை மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்ச் சுரங்க வாய் வளைவில் சரியாக முடிய வேண்டும் என்றால், 24 சென்டிமீட்டரை எங்கே ஒளிப்பது? ஜாயிண்டை அகலமாக்கினால் வடிவம் கெடும், நடுநடுவே வெட்டி ஒட்டினால் கண்ணை உறுத்தும். அதனால் பழைய அளவிலேயே தனியாகச் சுட்டு வாங்க வேண்டியிருக்கிறது. லண்டனில் 2000-களில் பழைய நிலையங்களைச் சீர் செய்தபோது ஜாக்ஃபீல்டில் இருக்கும் கிரேவன் டன்னில் தொழிற்கூடம் இப்படித்தான் பழைய மெருகுகளைச் சோதித்துச் சோதித்துச் சுட்டுக் கொடுத்தது.

நிறமும் லேசு இல்லை. மெருகின் நிறம் சூளைச் சூட்டில் தீர்மானமாகும்; பூசும்போது ஒன்று, சுட்ட பிறகு வேறு. ஈயம் கலந்த பழைய மெருகுக்கு ஒரு ஆழம் உண்டு. இன்றைக்கு ஈயம் இல்லாமல் அந்த ஆழத்தைக் கொண்டுவர வேண்டும்.

பெரிய அளவில் புதுப்பித்துச் சிக்கலான நிலையம் ஏதாவது உண்டா?

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு. லண்டனின் நெரிசலான நிலையங்களில் ஒன்று. எடுவார்டோ பாவலோட்சி என்ற சிற்பி 1980-களில் அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி மொசைக் செய்தார். மேலே தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள், இசைக் கருவிகள், கொஞ்ச தூரத்தில் பிரிட்டிஷ் மியூசியம். எல்லாம் பல்சக்கரமாகவும் சாக்ஸபோனாகவும் கேமராவாகவும் சுவரில் குதிக்கும்.

பிறகு புதிய கிராஸ்ரெயில் பாதை அங்கே வந்து சேர, நிலையத்தையே பல மடங்கு பெரிதாக்க வேண்டி வந்தது. மேடைகளில் இருந்த மொசைக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். எஸ்கலேட்டருக்கு மேலே இருந்த வளைவுகளை 2015-இல் இடித்தபோது மக்கள் கொதித்தார்கள், கையெழுத்து இயக்கம் நடந்தது. இடித்த துண்டுகளைப் பொறுக்கி எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். பாவலோட்சி பிறந்த ஊர் அது. மொத்தத்தில் சுமார் 95 சதவீதம் தப்பியது என்கிறார்கள்.

இதில் இரண்டு தரப்பையும் எனக்குப் புரிகிறது. கூட்டம் நசுங்கிச் சாகாமல் இருக்க வழி அகலமாக வேண்டும். அதற்கு வளைவு இடிபட வேண்டியிருக்கலாம். ஆனால் இடிக்கும் முன்பே ஊரைக் கூப்பிட்டு, "இது போகப் போகிறது, இது இருக்கும், இந்தத் துண்டு இங்கே போகும்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கோபத்தில் பாதி வந்திருக்காது.

சுவரில் தண்ணீர் கசிந்தால் டைல்ஸ் என்ன ஆகும்?

நிலத்தடி நீர் சுவருக்குப் பின்னால் எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும். கான்கிரீட் வழியே வரும்போது உப்பையும் கூட்டி வரும். ஈரம் ஜாயிண்டில் வந்து காயும், உப்பு பூக்கும். டைலுக்குப் பின்னால் காய்ந்தால் உப்புக் கட்டி டைலையே வெளியே தள்ளும். போர் தண்ணியில் கலவை போட்ட சுவர் எப்படிப் பொரிந்து உதிரும் என்று சேலத்து மேஸ்திரிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டைலின் உடலும் முக்கியம். சாதாரண வால் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். நல்ல விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. தண்ணீர் குடிக்கும் உடல் வருஷக்கணக்கில் துளித் துளியாக ஊதும். மேலே இருக்கும் கண்ணாடி மெருகு ஊதாது. விளைவு, மயிரிழை விரிசல். அதில் அழுக்கு ஏறினால் சிலந்தி வலை போலத் தெரியும்.

இன்னொன்று அசைவு. ரயில் அதிர்வும் சூடும் குளிரும் சுவரைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தும். பிரிட்டிஷ் வழக்கப்படி உள்சுவர் டைலில் 3 முதல் 4.5 மீட்டருக்கு ஒரு நெகிழும் ஜாயிண்ட் விடுவார்கள். அதை விடாமல் நெருக்கிப் பதித்தால் ஒரு நாள் நடுச்சுவரில் கூடாரம் போல டைல் எழும்பும்.

அதனால்தான் புதிய நிலையங்களில் டைலுக்குப் பதில் பலகையா?

ஆமாம். இப்போது பல ஊர்களில் எனாமல் பூசிய எஃகுப் பலகையையோ பெரிய பீங்கான் பலகையையோ சட்டத்தில் தொங்கவிடுகிறார்கள். பின்னால் இடைவெளி; கசியும் நீர் அதில் இறங்கிக் கால்வாய்க்குப் போய்விடும். இது பாரிஸ் தகடு போன்றது அல்ல. ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே கழற்றிப் பார்க்கிற மாதிரி முதலிலேயே யோசித்துச் செய்வது. வேலை வேகம், பராமரிப்பு சுலபம். குறை என்னவென்றால், ஒரே பலகையை 30 நிலையத்தில் மாட்டிவிட்டால் எந்த நிலையம் என்றே தெரியாது. சுவர் ஊமையாகிவிடும்.

அப்படி ஆக வேண்டியதில்லை. நியூயார்க்கில் 2017-இல் திறந்த செகண்ட் அவென்யூ பாதையில் பெரிய பீங்கான் பலகைகளையும் மொசைக்கையும் வைத்தே ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி முகம் கொடுத்தார்கள். 72-ஆம் தெருவில் விக் முனிஸ் என்பவர், ரயிலுக்குக் காத்து நிற்கும் சாதாரண ஆட்களை ஆளுயர மொசைக்காகச் சுவரில் நிறுத்தியிருக்கிறார்.

தீ பிடித்தால் டைல்ஸ் பாதுகாப்பா?

சுட்ட மண் எரியாது, நச்சுப் புகை விடாது. 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் பிடித்த தீயில் 31 பேர் இறந்தார்கள். அதன்பின் சுரங்க நிலையங்களில் எரியக்கூடிய பொருட்களுக்கு விதிகள் கடுமையாயின. அலங்காரம் வேண்டும் என்பவர்கள் மரம், பிளாஸ்டிக் பக்கம் போகாமல் பீங்கானுக்கும் எனாமலுக்கும் வந்ததற்கு இதுவும் காரணம்.

காசு குறைவு என்றால் அலங்காரமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

லிஸ்பன் நகரத்தைப் பாருங்கள். 1959 டிசம்பரில் அங்கே மெட்ரோ திறந்தது. கையில் பணம் இல்லை. விலை உயர்ந்த கல் போட முடியாது. மரியா கெய்ல் என்ற ஓவியர் போர்ச்சுகலின் பழைய மெருகு டைலையே எடுத்துக்கொண்டு, பெரும்பாலான நிலையங்களுக்கு வடிவம் போட்டார். பெரிய சித்திரம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று விதமான டைல், இரண்டு மூன்று நிறம். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி அடுக்கினால் ஒரு நிலையம் அலை, இன்னொன்று முக்கோணம். கைவேலைக் கூலி கூடவில்லை, டைல் விலை கூடவில்லை, யோசனை மட்டும் கூடியது. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற நம் பெண்களிடம் கொடுத்தால் இதில் புகுந்து விளையாடுவார்கள் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

ஆத்தங்குடி டைல்ஸைச் சுரங்க நிலையத்தில் போடலாமா?

தரைக்கு அழகு, சுவருக்கு வேண்டாம். ஆத்தங்குடி சுடுவதில்லை, கண்ணாடி மேல் வண்ண சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கனம் அதிகம், ஈரம் உறிஞ்சும், மெருகு கிடையாது. கசியும் சுவரில் உப்புப் பூத்து நிறம் மங்கும். தரையிலும் ஆயிரக்கணக்கான ஆட்கள் செருப்போடு நடந்தால் தேயும். அதன் வடிவங்களை எடுத்து விட்ரிஃபைடு டைலில் அச்சிட்டுப் போடுவது வேறு விஷயம், அது நடக்கக்கூடியது.

நம் நாட்டுச் சுரங்க நிலையங்கள் எப்படி?

முதலில் வந்தது கொல்கத்தா, 1984 அக்டோபர் 24. அங்கே ரவீந்திர சதன் நிலையத்துச் சுவரில் தாகூரின் கையெழுத்தும் வரிகளும் இருக்கும். சென்னையில் முதல் சுரங்கப் பகுதி 2017 மே 14 அன்று திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் நடுவே திறந்தது. நாம் இறங்கும் சென்ட்ரல் அடுத்த ஆண்டு மே மாதம். சுத்தம், வெளிச்சம், பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடித் திறந்தால் எந்த நிலையம் என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? எனக்கு அது போதவில்லை. இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டர், 3 வழித்தடங்களில் வேலை நடக்கிறது. மயிலாப்பூருக்கு ஒரு நிறம், புரசைவாக்கத்துக்கு ஒரு வடிவம் என்று கொடுக்க இதைவிட நல்ல நேரம் வராது.

தரையில் இருக்கும் மஞ்சள் புடைப்பு டைல்ஸும் அலங்காரமா?

இல்லை, அது கண் பார்வை இல்லாதவர்களுக்கான வழி. ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கி, 1967-இல் ஒகாயாமா நகரத்தில் முதலில் பதித்தது. நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். தரை நிறத்தோடு ஒத்துப்போகவில்லை என்று சாம்பல் நிறத்தில் மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. மாற்றாதீர்கள். கொஞ்சம் பார்வை இருப்பவர்களுக்கு அந்த மஞ்சள்தான் துணை.

நம் செட்டிச்சாவடி வெள்ளைக்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டுங்களா?

நேரடியாக இல்லை. டைலுக்கு வேண்டியது களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். இங்கே வெட்டும் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைச் சுட்டு, எஃகு உலைகளின் உள்ளே பூசுகிற தீக்கல் செய்கிறார்கள். எனாமல் பலகையின் உள்ளே இருப்பது எஃகு. அந்த வழியாகச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சேலத்தில் பஸ் ஸ்டாண்டு, சுரங்கப்பாதை, மண்டபம் என்று பொதுச் சுவர் வேலை எடுப்பவர்கள் இதிலிருந்து என்ன செய்யலாம்?

டொராண்டோவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். 1954-இல் திறந்த அவர்களின் முதல் பாதையில் விட்ரோலைட் என்ற பளபளப்பான கண்ணாடி டைல் போட்டார்கள். பிறகு அதைத் தயாரிப்பதே நின்றுவிட்டது. உடைந்தால் மாற்ற ஆள் இல்லை, பொருள் இல்லை. ஒவ்வொரு நிலையமாக வேறு டைலுக்கு மாறி, எக்லிங்டன் என்ற ஒரே நிலையத்தில்தான் பழைய சுவர் மிஞ்சியது.

குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல் இன்னும் வேகமாக மாறும். இன்று வாங்கிய டிசைன் இரண்டு வருஷத்தில் கடையில் இருக்காது. அதனால் வாங்கும்போதே நூற்றுக்குப் பத்து பெட்டி கூடுதலாக வாங்கி, பிரிக்காமல் கட்டடத்திலேயே பூட்டி வையுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கும் பழக்கத்தைப் பொதுக் கட்டடத்தில் விட்டுவிடுங்கள். பெட்டி மேல் இருக்கும் ஷேடு நம்பரையும் பேட்ச் நம்பரையும் போட்டோ எடுத்துக் கட்டட ஃபைலில் வையுங்கள். ஒரே டிசைன், வேறு ஷேடு என்றால் பகல் வெளிச்சத்தில் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். எந்தப் பசை, ஜாயிண்டை அடைக்க எந்த கிரவுட், நெகிழும் ஜாயிண்ட் எங்கே விட்டது என்பதையும் அரைப் பக்கம் எழுதி அதே ஃபைலில் சேர்த்துவிடுங்கள். பழைய சுவர் என்றால், டெண்டர் தொகை எழுதுவதற்கு முன் ஒரு நாள் ஆளை விட்டு முழுச் சுவரையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் கணீர் என்று நிற்கிற சுவரை மொத்தமாக உடைத்துப் போடச் சொல்லும் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.